காளானும் என்ஜின் பிடியும்

அந்தக் கிழமைகளில் நான் மழைக்காகக் காத்திருந்தேன். கற்பிட்டிப் பக்கம் மழைக்காகக் காத்திருப்பவர்கள் வெங்காயம் போட்டவர்கள், மிளகாய் போட்டவர்கள். எங்களுக்குத் தோட்டம் இல்லை. எங்களிடம் இருந்தது ஒரு ஃபைபர் படகும், பாரிசவாதம் வந்து இடக்கை விழுந்துபோன வாப்பாவும்தான். மழை பெய்தால் தென்னந்தோட்டங்களில் மாடு மேய்ந்த இடங்களில் ஒருவகைக் காளான் முளைக்கும். அந்தக் காளான் வாப்பாவின் மூளையைத் திறந்துவிடும் என்று நான் நம்பினேன். காலையில் எழும்பியதும் வானத்தைப் பார்ப்பேன், பிறகு போனில் வானிலை பார்ப்பேன், பிறகு போன் பொய் சொல்கிறதா என்று திரும்ப வானத்தைப் பார்ப்பேன்.

எனக்கு ஒரு இடத்தில் இருக்க ஏலாது. கம்பஸில் உயிரியல் படித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலத்தில், ஆலங்குடாவில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்கும் கைட் ஓட்ட வரும் வெள்ளைக்காரர்கள் தங்கும் ஒரு கேம்பில் அறைகளைப் பதிகிற வேலை கிடைத்தது. காற்று இருந்தால் எல்லோரும் தண்ணீரில், மேசையில் நான் மட்டும். காற்று இல்லாவிட்டால் எல்லோரும் மேசையைச் சுற்றி நின்று ஏன் காற்று இல்லை என்று என்னைக் கேட்பார்கள். இடையில் கிடைத்த நேரமெல்லாம் போனில் மூளையைப் பற்றி வாசித்தேன். ஒரு பெண் விருந்தாளி இரவுச் சாப்பாட்டில் தொடக்கிவிட்டுப் போன கதை அது. மாயக்காட்சி தரும் சில பொருட்கள் மூளை கற்றுக்கொள்ளும் விதத்தையே மாற்றுகின்றனவாம். அவள் போய்விட்டாள், எனக்கு நித்திரை போய்விட்டது.

சரி, வாப்பாவின் சங்கதியை முதலில் சொல்லிவிடுகிறேன். படகும் என்ஜினும் வாப்பாவும் அவரது தம்பியும் சேர்ந்து எடுத்தவை. தம்பியை நான் சாச்சா என்பேன், அவர் அண்ணனான வாப்பாவை நானா என்பார். வாப்பா விழுந்த பிறகு படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. டிசம்பரில் கடல் அடங்கினால் டொல்பின் பார்க்க ஆட்கள் வருவார்கள், அதற்குப் படகு வேண்டும். சாச்சா கெட்டவர் இல்லை. வீட்டுக்கு வந்து, பிளாஸ்டிக் கதிரையில் குந்தி, தேத்தண்ணி குடித்து முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"நானா, டிசம்பர் வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள நீங்க தனியா ஓட்டிக் காட்டினா படகு உங்கட. ஏலாட்டி நான் எடுத்து ஓட்றன். சும்மா வெயில்ல கிடந்து வெடிக்குது."

வாப்பா இரண்டு முறை தலையை ஆட்டினார். படகு போனால் அவருக்கு மிச்சம் கதிரைதான், அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

வலக்கை நல்லாகத்தானே இருக்கிறது, அதால் ஓட்டினால் என்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் ஆட்கள் படகின் பின்பக்கத்தில் வலது ஓரமாக இருந்து, இடக்கையால் என்ஜின் பிடியைப் பிடிப்பார்கள். பிடியைத் தன் பக்கம் இழுத்தால் படகு இடப்பக்கம் திரும்பும், தள்ளினால் வலப்பக்கம். வாப்பா இனி இடது ஓரத்தில் இருந்து வலக்கையால் பிடிக்க வேண்டும். அங்கே இருந்து இழுத்தால் படகு வலப்பக்கம் போகும். எல்லாம் கண்ணாடியில் பார்ப்பது போலத் தலைமாறிவிடும். வேகத்துக்குப் பிடியை முறுக்குவதும் அப்படித்தான், வேகம் கூட்ட இடக்கை உள்நோக்கி முறுக்கியதை வலக்கை வெளிநோக்கி முறுக்க வேண்டும், குறைக்க அதற்கு எதிர்மாறு. முதல் தடவை எங்கள் உப்பேரியான களப்பில் இறக்கியபோது, எதிரே கொஞ்சம் வலப்பக்கமாக, நண்டு வலைக்குக் கட்டிய வெள்ளைப் போத்தல் மிதந்தது. விலத்துவதற்கு வாப்பா இழுத்தார். படகு நேரே போத்தல் மேல் ஏறியது. நிறுத்தப் போய்ப் பழக்கத்தில் வெளிநோக்கி முறுக்கினார், என்ஜின் கத்திக்கொண்டு பாய்ந்தது. நான்தான் பாய்ந்து என்ஜினை நிறுத்துகிற வயரைப் பிடுங்கினேன்.

"எனக்குத் தெரியும் எந்தப் பக்கம் இழுக்கணும் என்டு," என்றார் வாப்பா, "கைக்குத் தெரியாது."

இந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன். ஏனென்றால் நான் வாசித்ததும் அதேதான். மூளை கண்ணும் காதும் கொண்டு வருவதை வாங்கி வைக்கிற பெட்டி இல்லை. இப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு கணிப்பைச் செய்து வைத்துக்கொண்டு, வருகிற செய்தியை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. கரன்ட் போன வீட்டில், கரன்ட் இல்லை என்று நன்றாகத் தெரிந்த பிறகும், அறைக்குள் நுழைகிற கை ஸ்விட்சைத் தட்டுகிறதே, அந்தக் கணிப்புத்தான் அது. கணிப்பு பலமாக இருந்தால் புதுச் செய்தி உள்ளே வராது. நாற்பது வருடம் ஒரே பக்கம் இருந்து ஓட்டிய வாப்பாவின் கணிப்பு எவ்வளவு பலம் என்று யோசித்துப் பாருங்கள்.

காளானில் இருக்கிற பொருள், மூளையில் செரோட்டோனின் என்ற இரசாயனம் வந்து பொருந்துகிற இடங்களில் போய்ப் பொருந்திக்கொள்கிறது. அப்போது இந்தக் கணிப்புகளின் பிடி தளர்கிறது என்கிறார்கள் சிலர். பழைய முடிவுகளின் பாரம் குறைய, சின்னச் சின்னச் செய்திகளும் மேலே ஏறி வருகின்றன. சுவர் மூச்சு விடுவது போலத் தெரிவதும் அதனால்தானாம். இன்னும் ஒன்று. சிறு வயதில் மூளைக்கு ஒரு பருவம் இருக்கிறது, அப்போது எதையும் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு அது மூடிவிடும். வாப்பா சின்னப் பையனாகச் சிலாபத்து மீன் சந்தையில் திரிந்து சிங்களம் படித்தவர், கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சிங்கள ஆள் என்பீர்கள். உம்மா கலியாணம் முடித்த பிறகு படித்தவர், இன்றைக்கும் பஸ்ஸில் நடத்துனர் இரண்டாம் முறை கேட்பார். அப்படி மூடிய பருவம் ஒன்று எலிகளில் இந்தப் பொருட்களால் திரும்பத் திறந்தது என்று வாசித்தபோது நான் கேம்ப் மேசையிலிருந்து எழும்பிக் கடற்கரை வரை நடந்துபோய்த் திரும்பி வந்தேன். அது எலி, அதுவும் வேறொரு வகைப் படிப்பு, மனிசருக்கு இன்னும் தெளிவில்லை என்று அடுத்த பந்தியிலேயே எழுதியிருந்தது. நான் அந்தப் பந்தியில் அதிகம் நிற்கவில்லை.

வாப்பாவுக்குத் தெரியாமல் கறிக்குள் போட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்ததும் உண்மை. அது ஒரு பகல் கூட நிற்கவில்லை. உலகம் ஏன் உருகுகிறது என்று தெரியாமல் ஒரு மனிசனைக் குந்தவைக்க எனக்கு மனம் வரவில்லை. வெளிப்படையாகச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். பின்னேரம், உம்மா வாப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

உம்மா விரலை விடாமலே கேட்டார். "போதைக் காளானா?"

"போதை என்டு செல்லாதீங்க உம்மா. ஆராய்ச்சி நடக்குது."

"ஆராய்ச்சி எங்க நடக்குது? மாட்டுச் சாணியிலயா?"

"சாணியில முளைக்கிறது தான், ஆனா…"

"படிப்பிச்சி அனுப்பினது வாப்பாக்குச் சாணி தின்னக் குடுக்கவா? ஹராம் ஒரு பக்கம் இரிக்கட்டும். பொலிஸ் வந்தா நீ என்ன, எலியக் காட்டுவியா?"

வாப்பா கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு வாயின் ஒரு பக்கம் இன்னும் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது, சிரிக்கிறாரா இல்லையா என்று கண்டுபிடிப்பது கஷ்டம்.

"அதத் தின்னா என்ன தெரியும், மகன்?"

"நிறமெல்லாம் கூடும். சாமான் அசையிற மாதிரி இருக்கும். சில பேருக்கு உடம்பு தன்ட இல்லாத மாதிரி."

"எனக்கு இப்பவே இந்தக் கை வேற ஆள்ட கை மாதிரித்தான் இரிக்கி. நான் தின்னாமலே அரைவாசி தூரம் வந்துட்டன்." பிறகு உம்மாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார். "கொண்டு வா."

உம்மா விரல்களை அவரது மடியில் வைத்துவிட்டு எழும்பிப் போய்விட்டார். குசினியில் சட்டிகள் வழக்கத்தை விடச் சத்தமாகப் பேசின.

அவர் மறுப்பார், நான் வாதாடுவேன், வாதத்தில் வெல்வேன் என்றுதான் எல்லாம் தயாராக வைத்திருந்தேன். "கொண்டு வா" என்ற சொல்லுக்கு நான் தயாராக இருக்கவில்லை. ஒரு மனிசன் தன் மூளையைத் தூக்கி என் கையில் தந்துவிட்டான். அன்றைக்குத்தான் தாண்டிப் போன பந்திகளுக்குத் திரும்பிப் போனேன். இந்தப் பொருட்கள் கொஞ்ச நேரத்துக்கு இரத்த அழுத்தத்தை ஏற்றும். வாப்பா விழுந்ததே பிரஷரால். ஆஸ்பத்திரியில் தந்த குளிசைகள் வேறு இருக்கின்றன, அவற்றோடு இது எப்படிச் சேரும் என்று யாருக்குத் தெரியும். பருவம் திறந்தால் நல்லது மட்டும்தான் உள்ளே வரும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பயத்தையும் அதே வேகத்தில்தான் படிக்கும். ஒரு பக்கம் இவ்வளவும் தெரிகிறது, மறுபக்கம் டிசம்பர் வருகிறது. கேம்பில் இரண்டு குடும்பத்துக்கு ஒரே அறையைப் பதிந்து வைத்தேன்.

மழை வந்தது அந்த நேரம் பார்த்துத்தான்.

என் கூட்டாளி ஒருத்தன் இருந்தான், அதே கேம்பில் கைட் பழக்குகிறவன், ஆலங்குடாக் கிறிஸ்தவப் பொடியன். காளானுக்கு அவனிடம்தான் சொல்லி வைத்திருந்தேன். அவனுக்கு ஒரு பாய்ச்சல் வசப்படாமல் நின்றது. தண்ணீரிலிருந்து எழும்பிக் காற்றிலேயே ஒரு சுற்றுச் சுற்றி இறங்க வேண்டும். கோடை முழுக்க விழுந்துகொண்டிருந்தான். மழை பெய்து மூன்றாம் நாள் அவன் என் மேசைக்கு ஓடி வந்தான். கண் சிவந்திருந்தது, நித்திரை கொண்ட ஆள் மாதிரித் தெரியவில்லை.

"மச்சான், நேத்து நான் அதைப் போட்டுட்டுத்தான் இறங்கினனான்."

"விசரா உனக்கு? கடல்லயா?"

"கேளடா முதல்ல. நான் காத்தைப் பாத்தன். காத்து எனக்குக் கோடு கோடாத் தெரிஞ்சது. எங்க வளையுது, எங்க தூக்குது, எல்லாம். அந்தப் பாய்ச்சல் வந்திட்டுது மச்சான். இத்தனை நாளா நான் என்ன பிழை விட்டன் என்டு விளங்கிட்டுது. இனி மறக்காது."

"என்ன பிழை விட்டாய்?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான். "அதைச் சொல்லேலாது. உடம்புக்குத் தெரியும்."

இதுதானே நான் வாசித்தது. அவன் ஒரு சிறிய கடதாசிச் சுருளை மேசையில் வைத்தான். நான் அதைத் தொடும் முன்பு அவனது போன் அடித்தது. கரையிலிருந்து ஒரு விருந்தாளி முந்திய நாள் எடுத்த வீடியோவை அனுப்பியிருந்தார். இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம்.

வீடியோவில் அவன் எழும்பினான், அரைவாசி சுற்றினான், முதுகடிபட விழுந்தான். திரும்ப எழும்பினான், அதே இடத்தில் விழுந்தான். கோடை முழுக்க விழுந்த மாதிரியே, கால் கூட அதே கோணத்தில். ஒரு தடவை கைட் அவனை இழுத்துக்கொண்டு மணலில் கொஞ்சத் தூரம் போனது. அவன் எழும்பி இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான், வென்றவன் மாதிரி.

"இது வேற நாள்," என்றான்.

"நேத்துப் போட்ட காற்சட்டைதானே?"

அவன் திரும்ப ஓடவிட்டான். திரும்பவும். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தான். "எனக்குச் சத்தியமா வந்தது மச்சான்," என்றான், சின்னக் குரலில். அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை உலுப்பியது. விளங்கிவிட்டது என்ற உணர்வையும் மூளைதான் செய்கிறது. விளங்குவது ஒரு வேலை, விளங்கிவிட்டது என்று உணர்வது இன்னொரு வேலை. ஒன்று நடக்காமலே மற்றது நடக்கும். அந்தப் பொருளின் மயக்கத்தில் நுணுக்கமான ஞாபகம் குறைந்து, 'இது எனக்குத் தெரிந்ததுதான்' என்ற உணர்வு மட்டும் மிஞ்சுவதாக நானே எங்கோ வாசித்திருந்தேன், வாசித்துவிட்டு வேகமாகக் கீழே போயிருந்தேன். கூட்டாளிக்கு விழுந்தால் தண்ணீர். வாப்பா அந்த நிச்சயத்தோடு களப்புக்குப் போனால்?

சுருளை அவனிடமே தள்ளிவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது வாப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

"நான் கேட்டனா?" என்றார். "நான் பாட்டுக்கு இருந்தன். நீதான் வந்து கதவு திறக்குது, சன்னல் திறக்குது என்டு செல்லிக் காட்டினாய். இப்ப நீயே பூட்டு போட்றாய்."

"பிரஷர் ஏறும் வாப்பா."

"கதிரையில இருந்தா ஏறாதா?"

வைத்தியர்கள் பக்கத்தில் நின்று, அளந்து, பாதுகாப்பாகச் செய்கிற ஒரு காலம் வரலாம், அப்போது வாப்பா போன்ற ஆட்களுக்கு அது உதவலாம், உதவாமலும் போகலாம். அந்தச் செய்திகளை நான் இப்போதும் விடாமல் வாசிக்கிறேன். ஆனால் அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஒரு களப்பும் கொஞ்ச நாட்களும்தான். "அப்ப வாங்க, ஓட்டுவோம்," என்றேன். வாப்பா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் செருப்பைத் தேடினார்.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, காற்று எழும்ப முன்னம், களப்பின் ஆழமில்லாத பக்கத்தில் ஓட்டினோம். வெற்றுப் போத்தல்களைக் கல்லில் கட்டி மிதக்கவிட்டேன், அவற்றுக்கு இடையால் வளைந்து போக வேண்டும். முதல் நாட்களில் எல்லாப் போத்தல்களும் படகுக்கு அடியில்தான் போயின. நான் அவசரக்காரன், வாயை மூட ஏலாது. "தள்ளுங்க, தள்ளுங்க, இழுக்காதீங்க."

"நீ ஓட்டிக் காட்டு பாப்பம்," என்றார் ஒருநாள். "இந்தப் பக்கம் இருந்து."

நான் இடது ஓரத்தில் இருந்து வலக்கையால் பிடித்தேன். பாரிசவாதம் வராத மூளை, பட்டம் வாங்கிய மூளை. முதல் போத்தலிலேயே நேரே ஏறினேன். வாப்பாவின் தோள் குலுங்கியது. அதிலிருந்து பாதிப் பயிற்சி எனக்கு, பாதி அவருக்கு என்று ஆகிவிட்டது. பிடிவாதத்தில் தனியாகப் படகு எடுக்கும் போதும் வலக்கையாலேயே ஓட்டினேன். அவருக்கு எது கஷ்டம் என்று உள்ளிருந்து தெரிய வேண்டும் என்பது என் நியாயம். அவரை முந்த வேண்டும் என்பதும் கொஞ்சம் இருந்தது.

முன்னேற்றம் படி ஏறுவது மாதிரி வரவில்லை. ஒருநாள் ஒரு போத்தலையும் முட்டாமல் போவார், மறுநாள் எல்லாவற்றையும் முட்டுவார். நித்திரைக்குப் பிறகு சில நாள் கை தானாகவே சரியாகத் தள்ளும். யோசித்தால் பிழைக்கும். நான் மூச்சை அடக்கிக்கொண்டு, வாயைத் திறக்காமல், என் துடையை நானே நுள்ளிக்கொண்டு இருந்தேன். அதுதான் எனக்கு வந்த பெரிய பயிற்சி.

டிசம்பரில் சாச்சா வந்தார். உச்சமுனைத் தீவுக்குப் போய்த் திரும்புவது என்று பேச்சு. சாச்சா நடுப் பலகையில், நான் முன்னால், வாப்பா பின்னால் இடது ஓரத்தில். போகும்போது ஒரு பிழையும் இல்லை. நண்டு வலைகளுக்கு இடையால் அவர் வளைத்த வளைவுக்குச் சாச்சா திரும்பி என்னைப் பார்த்தார். திரும்பி வரும் வழியில் வாப்பாவின் தோள் களைத்துவிட்டது. சோர்ந்த கையால் ஓட்டக் கூடாது என்று அவரே சொல்லி, என்ஜினை அடக்கி, என்னைக் கூப்பிட்டார்.

நான் போய் வழக்கமான இடத்தில், வலது ஓரத்தில் இருந்தேன். இடக்கையால் பிடித்தேன். சின்ன வயதில் இருந்து ஓட்டிய விதம், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். இடப்பக்கம் மணல்திட்டு வெளிறித் தெரிந்தது. விலத்த வேண்டும், வலப்பக்கம். இழுத்தேன்.

படகு இடப்பக்கம் பாய்ந்து, மணலில் ஏறி, உறுமி நின்றது. சாச்சா பலகையிலிருந்து வழுக்கி முன்னால் போய் விழுந்தார்.

என் கை எனக்கே யாருடையதோ போல இருந்தது. கிழமைக் கணக்கில் வலக்கைக்குப் புகட்டியது இடக்கைக்குள் எப்போது போய் உட்கார்ந்தது என்று தெரியவில்லை.

"தம்பி," என்றார் வாப்பா சாச்சாவிடம், நிதானமாக, "காளான் இவனுக்குத்தான் குடுக்கணும்."

"என்ன காளான்?" என்றார் சாச்சா, முழங்காலைத் தடவிக்கொண்டு.

யாரும் விளங்கப்படுத்தவில்லை. சாச்சா என்ஜினைத் தூக்கிவிட்டு இறங்கினார், நானும் இறங்கினேன். முழங்கால் அளவு தண்ணீர். வாப்பாவால் இறங்க ஏலாது, அவர் படகிலேயே இருந்தார். தோளால் முட்டித் தள்ளத் தள்ளப் படகு அசைந்து மிதந்து, எங்கள் கைக்கு எட்டாமல் ஆழத்துக்கு வழுக்கிப் போனது. வாப்பா தானே என்ஜினை இறக்கினார். வலக்கையால் கயிற்றை இழுத்தார். முதல் இழுப்பில் எடுக்கவில்லை, அடுத்ததில் எடுத்தது. இடது ஓரத்தில் குந்திப் பிடியைப் பிடித்தார்.

"நானா, நில்லுங்க, நாங்க ஏறணும்," என்றார் சாச்சா.

படகு நேரே போனது. பிறகு வளையத் தொடங்கியது. எங்களை ஏற்ற வேண்டுமானால் அவர் முழு வட்டம் போட்டு, திட்டில் முட்டாமல், ஓரமாக வந்து, வேகத்தைக் குறைக்க வேண்டும். இழுப்பா தள்ளலா என்று நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். எனக்கே குழம்பியது, விட்டுவிட்டேன். படகின் நுனி எங்கள் பக்கம் திரும்பியது. வேகம் கூடத்தான் இருந்தது.

"குறைங்க, குறைங்க," என்று சாச்சா என் தோளைப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். நான் நகரவில்லை, வாயையும் திறக்கவில்லை.

வாப்பாவின் மணிக்கட்டு உட்பக்கமாகத் திரும்பியது. என்ஜின் சத்தம் இறங்கியது.